வியாழக்கிழமை கேட்ட தண்ணீர்

போன வியாழன் பகேரியாவிலிருந்து ரயிலில் திரும்பி வந்தபோது, எங்கள் கட்டடத்து வாசல் காவல்காரி மரியா என்னை மறித்துச் சொன்னாள். "கார்மெலா மூண்டு மணிக்குப் போயிட்டா. கடைசிமட்டும் தண்ணி, தண்ணி எண்டு கேட்டவ. குடுத்தன், குடிக்கேல்லை."

லிபெர்த்தா வீதியில் வீட்டுவேலை செய்யும் உங்களில் பலருக்குக் கார்மெலா வெறும் 'அமெரிக்கக் கிழவி'. சிசிலியில் பிறந்து, கைக்குழந்தையாக நியூயார்க் போய், பதினெட்டு வயதில் சட்டைத் தொழிற்சாலைப் பெண்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்து, சிறைக்கும் போனவர் அவர். வயதான காலத்தில் தனியாகத் திரும்பி வந்து எங்கள் மூன்றாம் மாடியில் இருந்தார்.

நான் நாலாம் மாடி முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டில் தங்கி வேலை செய்பவள். ஊரில் சண்டை; கடிதம் வர மாதங்கள் ஆகும். கதைக்க எனக்கிருந்த ஒரே ஆள் பகேரியாவில் என் சொந்த அக்கா. ரயிலில் கொஞ்ச நேரம்தான், ஆனால் லீவே இல்லாததால் எட்டு மாதம் அவர் முகம் பார்க்கவில்லை. ஒருநாள் படிக்கட்டில் இருந்து "அக்கா, அக்கா" என்று அழுதேன். கார்மெலா கதவைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினார். இத்தாலியனில் தண்ணீருக்கு 'அக்குவா' அல்லவா! அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அர்த்தம் சொன்னேன். "எங்கடை சங்கத்திலையும் எல்லாரும் சகோதரியள்தான். இனி நீ எனக்கு அக்கா" என்றார். எண்பது வயதுக்காரிக்கு முப்பது வயது நான் அக்காவாம்! ஆனால் சாகும்வரை அப்படித்தான் கூப்பிட்டார்.

வியாழன் பின்னேரம் லீவு கேட்கச் சொன்னதும் அவர்தான். கட்டடத்தில் வேலை செய்த நாலு பேரும் ஒரே நாளில் கேட்பதாகப் பேச்சு. அன்றைக்குப் பார்த்து மற்ற மூவருக்கும் காய்ச்சல், தலையிடி! கார்மெலாவிடம் ஓடினேன். "நீங்களும் வாங்கோவன்" என்று கெஞ்சினேன்.

"வரமாட்டன். முதல் நாள் தொழிற்சாலை வாசலிலை நானும் தனியத்தான் நிண்டனான். முதல் ஆளுக்குப் பக்கத்திலை ஒருத்தரும் நிக்க மாட்டினம். போய்க் கேள்."

கேட்டேன். சிஞ்ஞோரா கத்தினார், நாட்டில் தங்கும் அனுமதிக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று வெருட்டினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இரண்டு கிழமையில் வியாழன் கிடைத்தது. பிறகு மற்ற மூவரும் வாங்கிக்கொண்டார்கள்.

நான் போகும் வியாழன்களில் அவர் ஜன்னலில் நிற்பார். அமெரிக்காவிலிருந்து கடிதம் போட்ட தோழிகள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். போன வியாழன் அவருக்கு இருமல் கூடியிருந்தது. "இண்டைக்கு உங்களோடை நிக்கிறன்" என்றேன்.

"நீயே விட்டுக்குடுத்தால் சிஞ்ஞோரா திருப்பித் தரமாட்டா. போ!" என்று துரத்திவிட்டார்.

மரியாவில் பிழையில்லை. அவளுக்கு அது தண்ணீராகத்தான் கேட்கும். அவர் கூப்பிட்டது என்னை. நானோ அவர் வாங்க வைத்த வியாழக்கிழமையில், பகேரியாவில், சிரித்துச் சிரித்துச் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த அரைநாள். அதை யாருக்கும் விடமாட்டேன். இந்த வியாழனும் ரயிலேறிப் போனேன். கதவைத் திறந்தபடி என் அக்கா நின்றார். அக்கா என்று கூப்பிட வாய் வரவில்லை.

"தண்ணி தாங்கோ" என்றேன்.