கொஞ்சம் சாய்கிற கார்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஸ்பிரிங் செய்யும் ஒரு கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். லாரிக்கும் பஸ்ஸுக்கும் போகிற தடித்த ஸ்பிரிங்குகளை மிஷினில் நிறுத்தி அழுத்தி, எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. நாள் முழுக்க ஒரே அசைவுதான். அழுந்தும், நிமிரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதையே பார்த்துக்கொண்டு நின்றால், கண் திறந்திருக்கும்போதே ஒரு மாதிரித் தூக்கம் வரும். படுத்திருக்கிற ஏதோ ஒரு பெரிய பிராணியின் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது போல இருக்கும். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்தால் பெரியபாளையம் வருவதற்குள் தூங்கிவிடுவேன். கனவிலும் அதே அசைவு.

அந்தச் சமயத்தில் என் வீட்டுக்காரர் ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் காக்களூரில் ஒரு சின்ன யூனிட்டில் வெல்டர். மணவாள நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் இரும்புக் குழாயை வளைத்து, வெல்டு வைத்து, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கிக்கொண்டிருந்தார். கூரை கிடையாது, தலைக்கு மேலே வளைந்து போகிற ஒரு குழாய் மட்டும். கதவு கிடையாது. காலைத் தூக்கி உள்ளே போட்டு இறங்கவேண்டும், தொட்டிக்குள் இறங்குகிற மாதிரி. இன்ஜின் காயலான் கடையில் கிடந்த ஒரு பழைய சின்னக் காருடையது.

“இன்னா, உங்க ஊட்டுக்காரரு ராக்கெட்டு கட்டுறாரா?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார்.

“கட்டி முடிச்சா உங்களுக்குத்தான்க்கா மொத சீட்டு” என்பேன்.

எனக்கு அந்தக் கொட்டகை பிடிக்கும். தகரத்தில் இருந்த ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாக விழும். வெல்டிங் வைக்கும்போது நான் திரும்பி நின்றுகொள்வேன். நீல வெளிச்சம் எதிர்ச் சுவரில் என் நிழலை விட்டுவிட்டுக் காட்டும். குழாய்க் கூடு மெல்ல மெல்ல ஒரு வண்டியின் உருவத்துக்கு வந்தது. அதில் உட்கார்ந்து கண்ணை மூடினால், சக்கரமே மாட்டாத வண்டி எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போல இருக்கும்.

சக்கரம் மாட்டவேண்டிய கட்டம் வந்தபோது ஸ்பிரிங் பேச்சு வந்தது. அதுவரை எந்த விஷயத்திலும் என்னிடம் யோசனை கேட்காதவர், அன்றைக்கு டீயை வைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“ஸ்பிரிங்கு உன் டிப்பார்ட்மென்ட்டு. நீ சொல்லு. நல்லா இறுக்கமா வேணும்.”

“எவ்ளோ இறுக்கம் மாமா?”

“வளைவுல திருப்புனா ஒரு பக்கமா சாயவே கூடாது. பலக மாதிரி நிக்கணும்.”

காயலான் கடைக்காரரிடம் கேட்டு நான்கு எடை மிஷின்களைக் கொண்டுவந்தோம். சக்கரம் வரவேண்டிய நான்கு மூலைகளுக்கும் ஒவ்வொன்றாக முட்டுக் கொடுத்து, வண்டியை அவற்றின் மேல் இறக்கினோம். அவர் சீட்டில் உட்கார்ந்தார். எண்கள் ஏறின. பிறகு என்னையும் ஏறி உட்காரச் சொன்னார்.

“நானுமா?”

“நீயும் சேந்தாத்தான கணக்கு? ஒருத்தர் போற வண்டிக்கு ஒரு ஸ்பிரிங்கு, ரெண்டு பேர் போறதுக்கு வேற ஸ்பிரிங்கு. இது ரெண்டு பேர் வண்டி.”

நான் உட்கார்ந்ததும் என் பக்கத்து மூலையில் எண் தாவி ஏறியது. அவர் சிரித்தார். எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. எங்களையும் சேர்த்து மொத்த எடை அரை டன்னைக் கொஞ்சம்தான் தாண்டியது. நான் தினமும் கையாளுகிற ஸ்பிரிங்குகளுக்கு அது ஒரு எடையே இல்லை.

“மாமா, இவ்ளோ லேசான வண்டிக்கு இறுக்கமான ஸ்பிரிங்கு ஆவாது. ஸ்பிரிங்கு அழுந்தறதுக்கே பாரம் பத்தாது. மேடு வந்தா சக்கரத்தோட வண்டியும் சேந்து எகிறும்.”

“எகிறட்டும். சாயக் கூடாது.”

அவர் பிடிவாதக்காரர் இல்லை. சட்டை எடுப்பதில் இருந்து டிவி சேனல் வரைக்கும் நான் சொன்னால் சரி என்பவர். இதில் மட்டும் முகம் இறுகியது. நானும் விட்டுவிட்டேன். காக்களூரிலேயே ஆர்டருக்கு ஸ்பிரிங் சுற்றித் தருகிற ஒரு பட்டறையில் அவர் கேட்டபடியே இறுக்கமாகச் சுற்றி வாங்கினோம். அதோடு சேர்த்து மாட்டுகிற ஷாக் அப்சார்பர், ஏதோ ஒரு பெரிய பைக்குடையது. ஸ்பிரிங் வண்டியைத் தாங்கும். அது மறுபடி மறுபடி துள்ளாமல் பிடித்து அடக்குவது ஷாக்கின் வேலை. ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் இல்லையென்றால் இரண்டும் இரண்டு திசையில் இழுக்கும், ஒத்துவராத மாடுகளைப் பூட்டின மாதிரி.

கையால் கட்டின காருக்கு ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது. ஆனால் எங்களுக்கு ஒரு இடம் இருந்தது. பள்ளிப்பட்டு போகிற வழியில், பிளாட் போட்டு விற்ற ஒரு மனைப்பிரிவில் நாங்கள் ஒரு மனை வாங்கியிருந்தோம். வீடு கட்டவில்லை. யாருமே கட்டவில்லை. அகலமான தார்ச்சாலைகள், மூலைக்கு மூலை தெருப் பெயர்ப் பலகைகள், கம்பி இழுக்காத விளக்குக் கம்பங்கள், சறுக்கு மரமும் சீசாவும் வைத்த ஒரு பூங்கா. எல்லாம் இருந்தும் ஆள் மட்டும் இல்லை. காலையில் பனி இறங்கியிருக்கும்போது போனால், ஒரு ஊர் மொத்தமும் தூங்கி எழுந்து எங்கேயோ கிளம்பிப் போய்விட்டது போலத் தோன்றும். அல்லது இனிமேல்தான் ஒவ்வொருவராக வரப்போகிறார்கள், நாம்தான் முதலில் வந்துவிட்டோம் என்று தோன்றும். எங்கள் மனையில் நின்று, இது சமையலறை, இது ஜன்னல் என்று காற்றில் கைகாட்டிப் பேசிக்கொண்டிருப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் காரைக் குட்டி யானை என்கிற சின்ன லாரியில் ஏற்றிக் கட்டி, அவரே மெதுவாக ஓட்ட, அங்கே கொண்டுபோனோம். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இன்னா நைனா, இது ஓடுமா, இல்ல பொம்மையா?”

“ஓடும் அண்ணே. பாத்துக்கினே இருங்க.”

ஓடியது. முதல் தெருவில் நேராகப் போனபோது காற்று முகத்தில் அடித்து என் கண்ணில் நீர் வழிந்தது. தரை அவ்வளவு பக்கத்தில் இருந்ததால், மெதுவாகப் போனதே பறப்பது மாதிரி இருந்தது. ஆனால் தாரில் ஒட்டுப்போட்ட ஒவ்வொரு இடத்திலும் பல்லோடு பல் இடித்தது. முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணப்பட்டது. பூங்காவைச் சுற்றி வருகிற வளைவில் அவர் கொஞ்சம் வேகமாகத் திருப்பினார். வளைவின் நடுவே ஒரு சின்ன மேடு. பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. இறங்கும்போது வண்டி போக நினைத்த பக்கம் வேறாக இருந்தது. வானம், கம்பம், பலகை, மறுபடி வானம் என்று எல்லாம் சுற்றி, செம்மண்ணில் பின்னோக்கிப் போய் ஒரு எல்லைக்கல்லுக்கு முன்னால் நின்றது.

புழுதி அடங்கியது. எனக்கு முழங்காலில் மட்டும் சிராய்ப்பு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் தலைக்கு மேலே இருந்த குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல்கள் வெளுத்திருந்தன.

“மாமா, நின்னுடுச்சி. வுடு.”

விடவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன்.

பூங்காவில் போய் உட்கார்ந்தோம். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டுப் பக்கம் போய்விட்டார். தண்ணீரைக் குடித்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார்.

“கல்யாணத்துக்கு முன்னாடி நானும் கும்மிடிப்பூண்டிலதான் வேல பாத்தேன், தெரியுமில்ல?”

“தெரியும்.”

“ஷிப்டு பஸ்ஸு ஒருநாளு ஏரிக்கர வளைவுல சாஞ்சிச்சி. சட்டுனு சாயல. மெதுவா... நிமுந்துடும், நிமுந்துடும்னு நெனச்சிக்கினே இருந்தேன். மேல கம்பிய புடிச்சிக்கினு நின்னேன். நிமுரவே இல்ல. தண்ணில படுத்துடுச்சி.”

“யாருக்கானா...?”

“யாருக்கும் ஒண்ணும் ஆவல. கைகால் அடிதான். எல்லாம் மறுநாளே வேலைக்குப் போனாங்க. என்னால முடியல. சாயுதுன்னாலே கை தானா கம்பிய தேடுது.”

அவர் கும்மிடிப்பூண்டி வேலையை விட்டுக் காக்களூருக்கு வந்தது வீட்டுக்குப் பக்கம் என்பதால்தான் என்று நினைத்திருந்தேன். எங்கே போனாலும் சைக்கிள், இல்லையென்றால் ரயில். தினமும் சாயங்காலம் நான் இறங்குகிற இடத்தில் பஸ்ஸுக்கு முன்னாலேயே வந்து நிற்பார். அன்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அன்புதான். ஆனால் நான் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்த அந்த நேரம் முழுக்க, அவர் மனதுக்குள் அந்தப் பஸ்ஸை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

எனக்கு ஸ்பிரிங்தான் தெரியும். தெரிந்ததைச் சொன்னேன்.

“சாயறது வேற, வுழறது வேற மாமா. ஸ்பிரிங்கு கொஞ்சம் அழுந்திக் குடுத்தாத்தான் சக்கரம் தரைய வுடாம புடிச்சிக்கினு இருக்கும். இன்னிக்கு வண்டி சாயாம நின்னதாலதான் சுத்துச்சி.”

வீட்டுக்கு வரும் வழியில் திருத்தணியில் நாஷ்டா சாப்பிட நிறுத்தினோம். பாதி இட்லியில் நிமிர்ந்து, “எவ்ளோ சாயும்?” என்று கேட்டார்.

“நீ எவ்ளோ தாங்குவியோ அவ்ளோ” என்றேன்.

அடுத்து வந்த வாரங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் இதமாக இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் கொட்டகைக்குப் போய்விடுவோம். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அதே பட்டறையில் மெல்லிய கம்பியில் வேறு சுற்றச் சொன்னோம். பின்பக்கத்துக்கு ஒரு அளவு, முன்பக்கத்துக்கு அதைவிட இளகலாக ஒன்று. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரேஸ் கார்கள் கட்டுகிற ஒரு இடத்தில், கழற்றி வைத்திருந்த நல்ல ஷாக்குகள் கிடைத்தன. அவற்றின் அடியில் ஒரு திருகு உண்டு. ஒவ்வொரு கிளிக்குக்கும் ஷாக்கின் பிடி கொஞ்சம் கூடும், அல்லது தளரும்.

நான் வண்டியின் மூலையில் கை ஊன்றி அழுத்திவிட்டு விடுவேன். அவர் கீழே படுத்துக்கொண்டு திருகுவார். திருகைத் தளர்த்தினால் வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. இறுக்கினால் மேலே வரவே சோம்பல்பட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் உண்டு. அழுந்தும், எழும், ஒரு நிமிடம் யோசித்த மாதிரி மெல்ல அமரும். அதைக் கண்டுபிடித்த சாயங்காலம், அவர் கண்ணை மூடிக்கொண்டு தன் கையாலேயே அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது வுழல” என்றார்.

“ம். உக்காருது.”

மறுபடி மனைப்பிரிவுக்குப் போனபோது மழை பெய்து விட்டிருந்தது. தார் கறுத்து மினுங்கியது. முதல் சுற்றில் அவர் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். வளைவில் வண்டி வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது. அவர் உடம்பு விறைப்பது என் தோளில் தெரிந்தது. வண்டி அப்படியே சாய்ந்தபடி வளைவைச் சுற்றி வந்து, நேர்ச்சாலையில் தானாக நிமிர்ந்தது. அவர் வாய்க்குள் ஏதோ சொன்னார். மறுபடி போனார். மறுபடி நிமிர்ந்தது. அந்த மேட்டின் மேல் சக்கரம் மட்டும் ஏறி இறங்கியது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். எத்தனை சுற்று என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவர் தோள் தளர்ந்துவிட்டது. வண்டி சாயும்போது அவரும் கூடவே சாய ஆரம்பித்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் அவர் பஸ்ஸில் ஏறுவதில்லை. சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு வேன் பிடித்தால், நாங்கள் தனியாக ரயிலில் போகிறோம். பேஜாராகத்தான் இருக்கும். ஆனால் ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும், அதனால் கேட்பவர்களுக்கு நானே ஏதாவது பதில் சொல்லிவிடுகிறேன்.

காருக்கு இன்னும் பாதி உடம்பு போடவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அந்த ஆளில்லாத தெருக்களுக்குக் கொண்டுபோகிறோம். போன முறை, “நீ ஓட்டு” என்று சாவியைக் கொடுத்தார். எனக்கு வேகம் வராது. குறுக்குத் தெருக்களில் ஒவ்வொன்றாகப் புகுந்து, பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே ஓட்டினேன். புல்லுக்குள்ளிருந்து ஒரு காடை ஓடியது. இந்தத் தெருவில் யார் வருவார்கள், எந்த மாடியில் துணி காயும் என்று நினைத்துக்கொண்டே, பூங்கா வளைவில் மெல்லச் சாய்ந்து திரும்பினேன்.

“அந்தக் கடேசி மனை யாரு வாங்கிருக்காங்க மாமா?” என்று கேட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். தலை ஒரு பக்கமாகச் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் வண்டியை நிறுத்தவில்லை.