பல்லாவரம் சந்தையில் சிக்கிய காரும் என் சைக்கிளும்

பம்மலில் ஒரு தோல் பதனிடும் கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது.

எங்களிடம் தோல் வாங்க வந்த, ஷூ தயாரிக்கும் ஜெர்மன்காரர் ஒருவர் எங்கள் பழுப்புத் தோலை வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தார். சாயம் துணியில் ஒட்டியது. வேண்டாம் என்றுவிட்டார். அந்த ஆர்டர் போனால் ஃபினிஷிங் செய்யும் பிரிவில் இருபது பெண்களுக்கு வேலை போய்விடும். இரண்டே நாளில் மறுபடி சாயம் ஏற்றினோம். வெள்ளிக்கிழமை மதியம்தான் தோல் காய்ந்தது. அன்று மாலை அவருக்கு விமானம். மூன்று மணிக்கு ஏர்போர்ட் வாசலில் கொண்டுவந்து காட்டினால் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

"சார், இன்னிக்கு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தை. கார் நகராது. என் சைக்கிள்ல கொண்டு போறேன்" என்றேன்.

மேனேஜர் சிரித்தார். "ஃபாரின் பையரைப் பார்க்க சைக்கிள்லயா? நல்லா இருக்கும்மா!"

தோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு காரில் கிளம்பினார். எனக்கு மனசு கேட்கவில்லை. அரை மணி கழித்து, பர்மிஷன் போட்டுவிட்டு நானும் சைக்கிளை எடுத்தேன்.

நினைத்தபடியே கார் சந்தைக் கூட்டத்தில் மாட்டியிருந்தது. முன்னால் லாரி, பின்னால் பஸ், இரண்டு பக்கமும் கருவாட்டுக் கூடைகள்.

"ஒரே பேஜாரா கீதும்மா!" என்றார் டிரைவர் தர்மன் அண்ணன்.

மேனேஜர் ஜன்னல் வழியாகத் தோல் சுருளையும் ஆர்டர் தாளையும் நீட்டினார். "மணி ரெண்டு நாப்பது. போயிடுவியா எஸ்தர்?"

"போயிடுவேன் சார்."

சுருளைக் கேரியரில் கட்டி, கூடைகளுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளினேன். கருவாடு விற்ற அம்மா கூடையை இழுத்துக்கொண்டு, "வழி வுடுங்கப்பா, பொண்ணு அவசரமா போவுது!" என்று கத்தினார். ஜி.எஸ்.டி. ரோடு வந்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மிதித்தேன். தொடை எரிந்தது. ஏர்போர்ட்டுக்கு எதிரே இருக்கும் திரிசூலம் மலை தெரிந்த பிறகுதான் மூச்சே வந்தது.

ஜெர்மன்காரர் டிராலியோடு வாசலில் நின்றிருந்தார். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தோலை அழுத்தித் தேய்த்தார். விரித்துப் பார்த்தார். ஒரு பொட்டுச் சாயம் இல்லை. என் சைக்கிள் சீட்டின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்தபோது கார் இருபதடிகூட நகர்ந்திருக்கவில்லை. தாளைத் தூக்கிக் காட்டினேன். தர்மன் அண்ணன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். மேனேஜர் காரைவிட்டு இறங்கி, கம்பெனி வரை என்னோடு நடந்தே வந்தார். ஃபினிஷிங் வாசலில் நின்று, "ஆர்டர் வந்தாச்சு! நான் கொண்டு வரலை, எஸ்தர் கொண்டு வந்தா!" என்று அவரே சத்தமாகச் சொன்னார். உள்ளே எழுந்த கைதட்டலில் தோலுக்குச் சாயம் ஏற்றும் டிரம் ஓடும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

டெஸ்பாட்ச் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்: எந்த வண்டி என்று யோசிக்கும் முன்னால் ரோட்டைப் பாருங்கள், கிழமையையும் பாருங்கள்.