இடப்பக்கம் திரும்ப மறுத்த முக்கோணம்

என் முக்கோணம் கீழே விழுந்துவிட்டது. மேலே, இடப்பக்கத்தில் நிற்க வேண்டியது. ஆதிப்புள்ளியைச் சுற்றித் தொண்ணூறு பாகை திருப்பு என்பது கேள்வி, திருப்பினேன். (4, 1)-இல் இருந்த முனை (1, -4)-க்குப் போனது. சுற்று என்றால் என் கைக்கு வலம்தான் தெரியும். கோயிலோ ஆரத்தியோ, எதுவானாலும் வலம்.

செம்பூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், பத்தாவதைத் தனியாக எழுதுகிறவர்களுக்கான வகுப்பு. எனக்கு நாற்பத்தெட்டு. மற்றவர்களுக்கு என் மகள் வயதுகூட இல்லை. பக்கத்துப் பெண் என் தாளை எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, உல்டா" என்றாள், தலைகீழாம். சிரித்தார்கள். நானும்தான்.

சார் சிரிக்கவில்லை. மாட்டுங்காக்காரர், பாலக்காட்டு வழி, யாரையும் நோகடிக்காத குரல். அந்தக் குரல்தான் எனக்குப் பயம். கணக்கை விட்டுவிட்டு மனையியல் எடுத்துக்கொள்ளலாமே, சான்றிதழ் ஒன்றுதான், பாடத்தை மாற்ற நாளை வரை நேரம் இருக்கிறது என்றார். இத்தனை வருடம் பொங்கிப் போட்டவளுக்குச் சமைக்கத் தெரியும் என்று எழுதிக் கொடுப்பார்களாம்.

"இடமா சுத்துறது எங்களுக்கு இழவுக்குத்தான் சார்."

"எங்காத்துலயும் அப்படித்தாம்மா. ஆனா கணக்குல இடம்தான் பிளஸ். யாரும் சாக வேண்டாம்."

இடம் எனக்குத் தெரியாததல்ல. தாராவியில் வீட்டுக்காரர் போனபோது எங்களுக்கு மகன் இல்லை. கொழுந்தன் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். கொள்ளிக்குடத்தை நான் எடுத்துக்கொண்டேன். பொம்பளை சுற்றக் கூடாது என்று நாலு குரல். என் காலுக்குக் காது கிடையாது. இடமாகவே சுற்றினேன், குடத்துத் தண்ணீர் முதுகில் ஒழுக. அன்றிலிருந்து அந்தப் பக்கம் திரும்பினாலே தோள் கனக்கிறது. இதைச் சாரிடம் சொல்லவில்லை. இரக்கத்தில் கிடைக்கும் மதிப்பெண் எனக்கு எதற்கு?

எழுந்து பலகைக்குப் போனேன். தோள் கனக்கட்டும். முக்கோணத்தை முனை முனையாகத் தூக்கி இடப்பக்கம் வைத்தேன். நாலும் ஒன்றும் இடம் மாறின, ஒன்றுக்கு முன்னால் மைனஸ்: (-1, 4). முக்கோணம் சுருங்கவில்லை, நீளவில்லை, ஒரு பக்கம்கூட உடையவில்லை. நிற்கிற திசைதான் வேறு. போதும் என்றார் சார். எனக்குப் போதவில்லை. இன்னொரு தொண்ணூறு. இன்னுமொன்று. இடமாகவே போய், முன்பு அது விழுந்து கிடந்த (1, -4)-இலேயே கொண்டுபோய் நிறுத்தினேன்.

"உங்க வழியிலயே சுத்தி என் இடத்துக்கு வந்துட்டேன் சார். இருநூத்தி எழுவது."

"கேட்டது தொண்ணூறு."

"அதுவும் மேல நிக்கு சார், பாருங்க."

பார்த்தார். சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு, அப்போ மனையியல் என்று இழுத்தார்.

"அது வீட்டுல தினமும் நடக்குது சார். நாளைக்குக் கணக்குக்கு வாரேன்."