ஈரத்துணியில் முடிந்த நவதானியம்

ஏகாம்பரம் சார் காலமானார் என்று தொலைபேசியில் நம் திருமுறை மன்றத்து அன்பர் ஒருவர் சொன்னபோது, "நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் திகைத்துப்போனார். அந்தக் கேள்வி மறைந்தவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. எந்தச் செய்தியையும் நேரில் கண்டவரிடம் கேட்காமல் அவர் ஏற்றதில்லை. நானும் பேருந்து பிடித்து லிங்கராஜபுரத்திலுள்ள அவர் வீட்டுக்குச் சென்று, முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்ததைக் கண்ட பிறகே நம்பினேன்.

அவர் அரசு விதைப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றியவர். விதைகளை ஈரத்தில் சுற்றிவைத்து, முளைக்கின்றனவா என்று பார்ப்பது அவர் தொழில். ஓய்வு பெற்ற பின்னும் அதை விடவில்லை. மன்றத்தில் சுண்டலுக்குக் கடலை ஊறப்போடும்போதுகூட ஒரு பிடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"சாமிக்குப் படைக்கிறதைக்கூடச் சந்தேகப்படறீங்களே?" என்றேன் ஒருநாள்.

"சாமி மேல சந்தேகம் இல்ல ஓதுவாரே. கடைக்காரன் மேல."

நான் ஓதுவார் அல்லேன். பதிகம் பாடுவதால் அவர் சூட்டிய பெயர் அது.

தொண்ணூறுகளில் புதுப்புது விதைக் கம்பெனிகள் முளைத்தன. கடையெங்கும் பளபளக்கும் பொட்டலங்கள் தொங்கின. விளைச்சல் பெருகியதாக வானொலி அறிவிக்கும்போதெல்லாம், "கணக்கெடுத்தவன் வயல்ல நின்னானா, ஆபீஸ்ல நின்னானா?" என்பார். அவர் என் கட்சி என்று எண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவில், உரமும் ஒட்டுவிதையும் வந்து மண்ணின் அறம் கெட்டது, முன்னோர்க்கு நிலமகள் தானே சுரந்தாள் என்று பேசினேன். சபை நடுவே எழுந்து நின்றார்.

"அடியாருங்க பஞ்சத்துல பசியோட இருந்தாங்கன்னு போன வாரம் சொன்னது நீங்கதானே? அப்ப நிலமகள் எங்க போயிருந்தா? நான் ரேஷன் கோதுமைக்குக் கியூவுல நின்னவன். நீங்க திட்டுற அந்தப் புது ரகக் குட்டைக் கோதுமை வந்த அப்புறம்தான் எங்க வீட்ல ரெண்டு வேளையும் அடுப்பு எரிஞ்சுது. புதுசை நம்பாதீங்க, சரி. பழசையும் நம்பாதீங்க."

சபை சிரித்தது.

என் மகளின் திருமணத்துக்குப் பந்தக்கால் நட்ட அன்று, பாலிகைச் சட்டிகளில் நவதானியம் விதைத்தோம். அம்முளை செழித்தால் குடும்பம் செழிக்கும் என்பது நம் மரபு. நாட்கள் சென்றும் ஒரு முளைகூட எழவில்லை. ஈஜிபுராவிலிருந்து புடவை கொண்டுவந்த மாப்பிள்ளையின் அத்தை, சட்டிகளைக் குனிந்து பார்த்தார்.

"என்னங்க, மண்ணு மட்டும்தான் இருக்கு? எங்க அண்ணன்கிட்ட என்னன்னு சொல்றது? ஜாதகத்த இன்னொரு வாட்டி பாத்துடலாம். கல்யாணத்த சொல்ப நாள் தள்ளி வெச்சிக்கலாம்."

கதவருகில் நின்ற என் மகளின் முகம் வெளுத்தது. ஏதேனும் தெய்வக் குற்றமோ என்று நானும் உள்ளூரக் கலங்கினேன்.

செய்தி கேட்டு ஏகாம்பரம் சார் இரண்டு ஈரத்துணி முடிச்சுகளுடன் வந்தார். நவதானியப் பொட்டலம் வாங்கிய அன்று என்னுடன் வந்தவர், வழக்கம்போல் அதில் ஒரு பிடி எடுத்துச் சென்றிருந்தார். அதை முடிந்த துணியில் ஒன்றும் முளைக்கவில்லை. ஓசூர் உழவர் ஒருவரிடம் தாம் வாங்கி வைத்திருந்த தானியத்தை முடிந்த துணியில், வெள்ளை வேர்கள் பின்னிக் கிடந்தன.

"வண்டு விழாம இருக்கச் சூடு காட்டிப் பாக்கெட்ல அடைச்சிருப்பாங்கம்மா. திங்கலாம், விதைக்க முடியாது. பொண்ணைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி பாக்கெட்டைச் சந்தேகப்படுங்க."

"ரெண்டு முடிச்சும் போட்டது நீங்க. நீங்க பொண்ணு வீட்டு ஆளு. நான் எதுக்கு நம்பணும்?"

அவர் சினம்கொள்வார் என்று அஞ்சினேன். மாறாக, முகம் மலர்ந்தது.

"நம்பவே கூடாதும்மா! சர்வீஸ்ல இருந்த வரைக்கும் ஒருத்தரும் என்னை இப்படிக் கேக்கலையே!" என்றவர், இருவகைத் தானியத்திலும் ஊறவைக்காத ஒவ்வொரு பிடியை அந்த அம்மையாரிடமே கொடுத்தார். "உங்க வீட்டுத் தண்ணி, உங்க துணி. நீங்களே முடிஞ்சு பாருங்க."

திருமணத்துக்கு முந்தைய மாலை, அத்தை மண்டபத்துக்குள் நேரே பாலிகை இருந்த இடத்துக்கு வந்தார். நாங்கள் சுற்றி நின்றோம். ஒரு துணியைப் பிரித்து ஓரமாகப் போட்டார். மற்றொன்றில் இருந்த முளைகளைத் தம் கையாலேயே எங்கள் சட்டிகளில் பரப்பினார்.

"என்ன எல்லாரும் பாத்துனு நிக்கிறீங்க? பொண்ணைக் கூப்பிடுங்க, பால் தெளிக்கட்டும்."

என் கண்கள் நிறைந்தன. ஏகாம்பரம் சார் என் காதருகே குனிந்தார். "எதுக்கும் பாத்துக்கோங்க ஓதுவாரே. அந்தம்மா வேற கடையில வாங்கி முடிஞ்சிருந்தாலும் முடிஞ்சிருப்பாங்க."

மறுநாள் முகூர்த்தம் குறித்த நேரத்தில் நிகழ்ந்தது.

அவருடைய காரியத்துக்கு நவதானியம் வாங்கும் பொறுப்பை அவர் துணைவியார் என்னிடம் தந்திருக்கிறார். வாங்கிவிட்டேன். நல்ல விதைதான் என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். தேவாரம் பாடி வணங்கியபின், அதில் ஒரு பிடியை ஈரத்துணியில் முடிந்து பூசையறை மூலையில் வைத்திருக்கிறேன். அன்பர்கள் சிலர் வந்து, "முளைச்சிடுமில்ல?" என்று கேட்கிறார்கள்.

பிரித்துப் பார்க்கும்வரை நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.