நாற்பத்து நாலு பேர் பார்க்க வந்த ரயில்

போன மாதம் என் மகன், தன் தங்கை பையனுக்குச் சென்னையிலிருந்து ஒரு பொம்மை ரயில் எஞ்சின் அனுப்பியிருந்தான். செல்போனில் தொட்டால் ஓடும். முப்பத்திரண்டு விதச் சத்தம் போடும் என்று அட்டையில் அச்சடித்திருந்தார்கள். உட்கார்ந்து எண்ணினேன், இருபத்தொன்பதுதான் வந்தது. மகனுக்குப் போன் போட்டுச் சொன்னால், "விடுங்கப்பா" என்கிறான். எப்படி விடுவது? மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். பேரன் பதினொன்றாவது சத்தத்திலேயே எழுந்து போய்விட்டான்.

எனக்கு ஒன்பது வயதில் வாய்த்த எஞ்சினுக்கு மூன்றே சத்தங்கள். அவற்றை நான் ஆயிரம் தரம் கேட்டிருப்பேன்.

அதைக் கொண்டுவந்தவர் என் தாய்மாமா. சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தில் அவருக்குப் பட்டாசு கம்பெனி. லேபிள் அச்சடிக்கும் மெஷின் வாங்க ஜெர்மனிக்குப் போனவர், மெஷினுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு ஒரு பெட்டி நிறைய ரயிலோடு திரும்பினார். என் அப்பா விருதுநகர் ஜங்ஷனில் கூட்ஸ் கிளார்க். எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றால், பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக் கோக்கிற ஷண்டிங் லைன் தெரியும். வத்தல் மூட்டை ஏற்றிய வேகன்களை எண்ணித்தான் நான் எண்ணவே கற்றுக்கொண்டேன். கோடை விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போனதும், ரயிலை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவனே என்று நானே அறிவித்துக்கொண்டேன். யாரும் மறுக்கவில்லை.

எஞ்சின் கறுப்பு. பன்னிரண்டு சக்கரங்கள். புகைபோக்கியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மின்சாரப் பெட்டியின் கைப்பிடியை மெல்லத் திருப்ப வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். பிறகு 'ச்சுக்' என்று ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. கைப்பிடியைத் திருப்பத் திருப்ப மூச்சு நெருங்கி, இரைந்து, நிஜமான மதராஸ் மெயில் அறைக்குள் வந்துவிடும். நிற்கும்போது 'புஸ்ஸ்' என்று நீராவி விடும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஊதும். பொம்மையின் ஊதல் இல்லை அது. தெருமுனை வரை கேட்கும். அத்தை மட்டும் சக்கரத்தில் பறக்கிற சின்னப் பொறியைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைக்காமல் ஓட்டவிட மாட்டார். பட்டாசுக்காரர் வீட்டில் அப்படித்தான்.

ஆறாம் நாள் மாமா என்னைக் கூப்பிட்டார். டெல்லியிலிருந்து இரண்டு மொத்த வியாபாரிகள் கம்பெனிக்கு வருகிறார்களாம். அவர்களுக்கு ரயிலைக் காட்ட வேண்டும்.

"நீதாம்லே டிரைவர். தடம் புரளாம ஓட்டிக் காட்டிட்டன்னா ரயிலு உனக்கே மருமகனே."

அன்று நான் இட்லி நாலுக்குமேல் சாப்பிடவில்லை. வழக்கமாக ஏழு.

கம்பெனி ஆபீஸ் கேட்டை ஒட்டித் தனியாக இருந்தது. அதற்கு மட்டும்தான் மின்சாரம். மருந்து அடைக்கும் அறைகள் பதினொன்றும் உள்வேலிக்கு அப்பால், ஒன்றுக்கொன்று எட்டத்தில். முதல் அறைக்கு நூற்று இருபது தப்படி. நானே நடந்து அளந்தேன். அறைக்கு நாலு பேர், அதற்குமேல் ஒருவர் இருக்கக் கூடாது. செருப்பில்லாமல், வாசலுக்குப் பக்கமாக உட்கார்ந்து வேலை செய்வார்கள். சத்தமாகப் பேசக்கூட மாட்டார்கள்.

ஆபீஸ் வராந்தா நல்ல நீளம். வீட்டில் தண்டவாளத்தை வட்டமாகத்தான் போட முடிந்தது. இங்கே நேராகப் போட்டேன், இருபத்தாறு துண்டு. வாளியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. டெல்லிக்காரர்கள் நாற்காலியில் சாய்ந்தார்கள். கைப்பிடியைத் திருப்பினேன்.

என்ன ஓட்டம்! புகை விட்டுக்கொண்டு, வராந்தாத் தூண் ஒவ்வொன்றையும் தாண்டி, கடைசித் துண்டுக்கு ஒரு சாண் முன்னால் 'புஸ்ஸ்' என்று நின்றது. மாமா மீசையைத் தடவிக்கொண்டார். ரயில் பாதி என்னுடையது ஆகிவிட்டது. இனி அதைப் பின்னால் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷண்டிங் எஞ்சின் பின்னுக்கு நகரும் முன் மூன்று சின்ன ஊதல் கொடுக்கும். முறைப்படி நானும் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

அந்தக் கம்பெனியிலும் ஊதலுக்கு ஒரு முறை இருந்தது. ஆபீஸ் சுவரில் ஒரு பழைய லாரி ஹாரன் தொங்கும். அதில் ஒரு நீட்டு ஊதல் வந்தால் சாப்பாட்டு நேரம். மூன்று சின்ன ஊதல் வந்தால் போட்டது போட்டபடி ஓட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. இதை எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

முதல் அறையிலிருந்து நாலு பெண்கள் வெளியே பாய்ந்தார்கள். அவர்கள் ஓடுவதைக் கண்டு அடுத்த அறை, அதற்கடுத்த அறை. வெள்ளி மருந்து அப்பிய கைகளோடு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, முள்ளென்றும் பாராமல் எல்லாரும் உள்வேலி வாசலைத் தாண்டி ஆபீஸ் பக்கத்துப் பொட்டலுக்கு வந்தார்கள். என் ரயிலைப் பார்க்க ஒரு கம்பெனியே ஓடி வருகிறது! டெல்லிக்காரர்கள் எழுந்து கைதட்டினார்கள். மாமா மட்டும் தோளில் கிடந்த துண்டை உருவி ஆட்டிக்கொண்டு, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று அவர்களை நோக்கி ஓடினார்.

அத்தனை பேரும் வராந்தாவில் ஏற முடியாது. ஆகவே சூடு ஆறாத எஞ்சினைச் சட்டையில் சுற்றித் தூக்கிக்கொண்டு நானே பொட்டலுக்குப் போனேன். போகும்போதே எண்ணினேன். நாற்பத்து மூன்று.

இன்னொருவரும் எண்ணிக்கொண்டிருந்தார், வயதான ஒரு அம்மா. அறை அறையாக விரலை நீட்டி எண்ணி, நாலாம் அறையில் மூன்று விரலோடு நின்றுவிட்டார். அப்புறம் அவர் திரும்பி, வந்த வழியே ஓடத் தொடங்கினார். இரண்டு பேர் அவரை இழுத்துப் பிடித்தார்கள். அப்போதுதான் நாலாம் அறையிலிருந்து ஒரு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்தாள். கிட்டே வந்ததும் அந்த அம்மா பளாரென்று அவள் கன்னத்தில் அறைந்தார்.

"எம்புட்டுத் தரம் சொன்னேன். எந்திரிச்சு ஓடியாறதுக்கு என்னடி கேடு ஒனக்கு?"

"மருந்துத் தட்டை மூடிட்டு வந்தேம்மா. காத்துல சிந்திருமில்ல."

அறைந்தவரே அவளை இறுகக் கட்டிக்கொண்டார், விடவே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. வேடிக்கை பார்க்கத் தாமதமாக வந்ததற்கு இவ்வளவு பெரிய அடியா? நான் எஞ்சினை அவளிடம் நீட்டினேன்.

"பரவாயில்லக்கா, நாங்க இன்னும் பின்னால எடுக்கல. நீயே வந்து ஊது."

அவள் எஞ்சினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்றவளும் சிரித்தாள். அப்புறம் பொட்டல் முழுக்கச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே சிலர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மாமா என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. எல்லாரையும் அப்போதே வீட்டுக்குப் போகச் சொன்னார். என் ரயிலுக்காக லீவு! சாயங்காலப் பாசஞ்சரில் ஒரு ஆளோடு என்னை ஏற்றி, பெட்டியையும் மடியில் வைத்தார்.

"இதைக் கொண்டு போயிரு மருமகனே. இங்கன வேண்டாம்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று மகிழ்ந்துபோனேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். மூன்று தரம் ஊதினேன் என்றதும் அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் வெளிய வந்துட்டாகளாலே? நல்லா எண்ணுனியா?"

"நாப்பத்து நாலும்மா. ஒரு அக்கா மட்டும் லேட்டு."

அவர் அந்த அக்காவைப் பற்றிக் கேட்டார். மறுபடி அறை அறையாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். என் எண்ணிக்கையை அதுவரை ஒருவரும் அத்தனை கவனமாகக் கேட்டதில்லை. ஆனால் மடியில் இருந்த ரயிலைப் பற்றி அம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வருத்தம்.