முகத்துக்கா, கழுத்துக்கா

என்ட முகம் ஒரு நிறம், கழுத்து வேற நிறம். இப்ப சொன்னா சிரிப்பீங்க. இருபது வயசில, கலியாணம் பேசி ஆக்கள் வந்து பாத்துட்டுப் போற நேரத்தில, எனக்குச் சிரிப்பு வரல்ல.

வாப்பா சம்மாந்துறையில நெல் வாங்கி, வீட்டில அவிச்சுக் காயவெச்சு, மில்லில குத்தி, கல்முனைச் சந்தையில அரிசியா விக்கிறவர். அவிக்கிறது உம்மாட வேலை, காயவைக்கிறது என்ட வேலை. சாய்ந்தமருதில எங்கட வளவு ரோட்டோரம், வேலியும் இடுப்பளவுதான். ஆம்புளயள் போற வாற இடம். அதனால முக்காட்ட நாடிக்குக் கீழால இறுக்கிச் சுத்திக்கொண்டுதான் முத்தத்தில நிப்பன். காலையில இருந்து பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்லுமட்டும் காலால நெல்லக் கிண்டிக்கொண்டே நடக்கிறது. தலை, காது, கழுத்து எல்லாம் துணிக்குள்ள பத்திரம். வெய்யில் முழுக்க முகத்துக்கு. வருசக்கணக்கில இப்படி நிண்டா வேற என்ன நடக்கும்? முகம் சாயத் தேத்தண்ணி, கழுத்து பால் தேத்தண்ணி. ரெண்டுக்கும் நடுவில நாடிக்குக் கீழ ஒரு எல்லை.

முதல் வந்தது மருதமுனை ஆக்கள். தேத்தண்ணி குடிச்சாங்க, பிஸ்கட் திண்டாங்க, என்னோட நல்லாத்தான் கதைச்சாங்க. பொறகு ஆள் விட்டுச் சொன்னாங்க, "புள்ள நல்ல புள்ளதான், ஆனா கறுப்பு" எண்டு.

உம்மாக்கு வந்த கோபத்தப் பாக்கணுமே! அவிச்ச நெல்ல அள்ளுற கடகத்த அப்படியே நிலத்தில போட்டா.

"கறுப்பா? என்ட மகள்ட கழுத்தப் பாத்தாங்களா அவங்க? அதான் அவ பொறந்த நிறம். முகத்தில கிடக்கிறது வெய்யில்ட நிறம்."

"கழுத்த எப்படி உம்மா பாப்பாங்க? அதத்தானே இறுக்கி மூடிக் கிடக்கு" எண்டன்.

"நீ வாய மூடு."

இன்னொரு இடமும் இதே சொல்லிப் போனா ஊரில பேர் விழுந்திரும் எண்டு உம்மா பயந்தா. எனக்கும் அந்தப் பயம் இருந்திச்சு, இல்லையெண்டு சொல்லமாட்டன். கறுப்பு எண்ட சொல்ல விட, அது எனக்குப் பொருந்துமா இல்லையா எண்டு தெரியாமக் கிடந்ததுதான் பெரிய தலையிடி. குளிக்கேக்க குனிஞ்சு பாத்தா நான் வெள்ளை. கண்ணாடிக்கு முன்னால நிண்டா கறுப்பு. இதில நான் ஆர்?

அப்பதான் எனக்கு மூத்தவ, ராத்தா, குவைத்தில இருந்து வந்தா. ஒரு வீட்டில சமையலுக்கு நிண்டுபோட்டு, ரெண்டு வருசத்துக்குப் பொறகு வாறா. வீட்டில எல்லாருக்கும் சாமான். எனக்கு ரெண்டு சின்னப் போத்தல், உள்ளுக்குள்ள கூழ் மாதிரி ஒண்டு. ஒரு போத்தல்ல ரோசாப்பூ நிறம், மற்றதில மண் நிறம்.

"இது பவுண்டேசன். முகத்தில பூசுறது. எங்கட மேடம் இது பூசாம வெளிய இறங்கமாட்டா" எண்டா ராத்தா.

"ஏன் ரெண்டு?"

ராத்தா கொஞ்சம் முழிச்சா. "அவங்கவங்கட நிறத்துக்குப் பொருத்தமாத்தான் வாங்கணுமாம். கடையில நிண்டு உன்ட முகத்த நினைச்சுப் பாத்தன் புள்ள, சரியா ஞாபகம் வரல்ல. ஒருக்கா வெள்ளையா வந்திச்சு, ஒருக்கா கறுப்பா வந்திச்சு. அதான் ரெண்டையும் எடுத்தன்."

கூடப் பொறந்தவளுக்கே என்ட நிறம் தெரியா எண்டா மருதமுனை ஆக்களில பிழை சொல்லி என்ன வேலை!

கொஞ்ச நாளில சம்மாந்துறையில இருந்து ஒரு சம்பந்தம் வந்திச்சு. வயல்காரக் குடும்பம். மாப்புளட உம்மா வந்து புள்ளயப் பாப்பா எண்டு சொல்லி அனுப்பினாங்க. அண்டைக்குத் தொடங்கின சண்டை, எந்தப் போத்தல் எண்டு.

மேடம் முதல்ல புறங்கையில பூசிப் பாப்பாவாம். ராத்தா என்ட புறங்கைய இழுத்து வெச்சுப் பூசினா. என்ட கை முகத்த விடக் கறுப்பு, அது மூணாவது நிறம். ரோசா, கையில சுண்ணாம்பு பட்ட மாதிரி தெரிஞ்சிச்சு. மண் நிறம் பொருந்திச்சு. "இதான் சரி" எண்டா ராத்தா.

"முகத்துக்குப் பூசுறத கையில பாத்து என்னடி விளங்கும்?" எண்டா உம்மா. "கழுத்தோட சேர்ற நிறத்தப் பூசு. கழுத்துதான் உண்மை."

"முகத்தோட சேர்றதப் பூசுறதுதான் முறை உம்மா. மற்றது ஏமாத்து."

"முகத்தோட சேர்றதப் பூசினா அதே கறுப்புத்தானே! குவைத்தில இருந்து கறுப்பயா கொண்டுவந்தாய்?"

வாப்பா வாசல்ல நெல்லுச் சாக்குத் தைச்சுக்கொண்டு இருந்தவர், தலைய நிமித்தாமலே சொன்னார். "ஈர நெல்ல அடியில போட்டு, காஞ்ச நெல்ல மேல பரப்பி விக்கக்கூடாது. அது ஹராம்."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்திச்சோ தெரியா. "நான் என்ன நெல்லு மூட்டையா வாப்பா?" எண்டு கத்திட்டன். வாப்பா ஊசிய வெச்சுப்போட்டு என்னப் பாத்தார். பொறகு ராவெல்லாம் அதையே யோசிச்சுக்கொண்டு படுத்தன். என்னில எது ஈர நெல், எது காஞ்ச நெல்? நல்லது அடியிலயும் கூடாதது மேலயும் கிடந்தா, அத மறைக்கிறது என்ன கணக்கில வரும்? பள்ளி மோதினாரிட்டப் போய்க் கேக்கிற கேள்வியா இது!

கடைசியில உம்மாதான் வெண்டா. ரோசாப் போத்தல். யன்னலச் சாத்திக்கொண்டு அறைக்குள்ள வெச்சுப் பூசினாங்க. அந்த இருட்டுக்குள்ள நல்லாத்தான் இருந்திச்சு. நாடியோட நிப்பாட்டிட்டாங்க. கழுத்துக்கு என்னத்துக்கு, முக்காடு கிடக்கே எண்டு.

மாப்புளட உம்மா பெரிய உடம்புக்காரி. வெத்திலச் சிவப்பு வாயும் உரத்த குரலுமா வந்து, எனக்குப் பக்கத்தில கட்டில் பாரத்தில அமுங்க இருந்தா. முன் வாசல் வெளிச்சம் நேரா என்ட முகத்தில. நாடியப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "ம்ம், வெள்ளைதான்" எண்டு முணுமுணுத்தா. உம்மாட மூச்சு கேட்டிச்சு எனக்கு.

"எங்க, முடியப் பாப்பம்" எண்டு சொல்லி, நான் கைய வைக்க முதல் முக்காட்டப் புடிச்சுக் கீழால இறக்கிட்டா.

பொண்ணு பாக்க வாறவங்க முடி பாப்பாங்க எண்டது சின்னப் புள்ளைக்கும் தெரியும். எங்க மூணு பேருக்கும் அண்டைக்கு அது மறந்து போச்சு. நாளெல்லாம் போத்தலோட மல்லுக்கட்டின மயக்கம்!

வந்த மாமிட கண் முடிக்குப் போகவே இல்ல. முகத்தப் பாத்தா, கழுத்தப் பாத்தா, திரும்பவும் முகத்தப் பாத்தா. அந்த வெளிச்சத்தில ரோசா கழுத்தோட ஒட்டல்ல. பெருவிரலால என்ட தாடையில ஒரு இழுப்பு இழுத்தா. விரல்ல ரோசா.

"இதென்ன மகள்?"

"அது... கிறீம் மாமி" எண்டா ராத்தா. எனக்கு எழும்பி கிணத்துக்குள்ள குதிச்சிரலாம் போல இருந்திச்சு.

மாமி வயிறு குலுங்கச் சிரிச்சா. "அடி விசர்ப் புள்ள! உள்ளுக்கு இவ்வளவு நல்ல நிறத்த வெச்சுக்கொண்டு ஆருக்கு இந்த மாவப் பூசின? கழுத்து பொய் சொல்லாது. இதுதான் உன்ட நிறம். இது எங்களுக்குப் போதும்." சொல்லிப்போட்டு, தட்டில இருந்த வாழப்பழத்த உரிச்சு என்ட வாயில ஒரு துண்டு வெச்சா. சம்மதம் எண்டு அர்த்தம்.

எல்லாருக்கும் சந்தோசம். "நான் சொன்னன்தானே, கழுத்துதான் உண்மை எண்டு" எண்டு உம்மா ராத்தாவப் பாத்து நிமிந்து நிண்டா. எனக்கு மட்டும் வாழப்பழம் இறங்கல்ல. அவ பூச்சில்லாத என்ட முகத்தப் பாக்கவே இல்லயே! பூசின நிறத்தக் கழிச்சுப்போட்டா, கழுத்துட நிறத்த முகத்துக்கும் வெச்சுக்கொண்டா. அதுக்குக் கீழ மூணாவதா ஒரு முகம் கிடக்கு எண்டு அவக்குத் தெரியா. நாளைக்கு அதக் கண்டா, கழுத்தக் காட்டி ஏமாத்திட்டாங்க எண்டு சொல்லமாட்டாவா? நாங்க காட்டினமா, அவதானே துணிய இழுத்தா. இப்படியே ரெண்டு பக்கமும் நானே வழக்குப் பேசிக்கொண்டிருந்தன்.

அடுத்த நாளில இருந்து முத்தம் எனக்கு ஹராம். நெல்லுக் கிண்ட வேற ஆள் புடிச்சாங்க. தயிரும் மஞ்சளும் கடலைமாவும் எண்டு உம்மா அப்பாத நாளில்ல. முகம் கொஞ்சம் தெளிஞ்சிச்சு, ஆனா வீட்டுக்குள்ள கிடந்து கழுத்தும் தெளிஞ்சு போச்சு! ரெண்டுக்கும் நடுவில இருந்த தூரம் அப்படியே.

கலியாணத்தண்டு ராத்தா பீரிசுத் தட்டில ரெண்டு போத்தலையும் கலக்கத் தொடங்கினா. இந்த முறை கையும் இல்ல, முகமும் இல்ல, கழுத்தோட வெச்சுத்தான் ஒத்துப்பாத்தா. ரோசா கூடிப்போச்சு எண்டு மண் நிறத்த ஊத்தினா. அது கூடிப்போச்சு எண்டு ரோசாவ ஊத்தினா. எனக்கு வேர்க்க வேர்க்க முதல் பூசினது கோடு கோடா இறங்கிச்சு. "அசையாதடி!" எண்டு அவ அதட்டினா. பீரிசு நிறைஞ்சு வழியிற நேரம்தான் ஒருமாதிரி கழுத்துட நிறம் புடிபட்டிச்சு. பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில ஆரும் ஒண்டும் சொல்லல்ல. மாமி மாலையப் போடேக்க முகத்தையும் கழுத்தையும் பாத்து, "பாத்தியா, நான் சொன்னது சரிதானே" எண்ட மாதிரித் தலைய ஆட்டினா.

எங்கட ஊர் வழமைக்கு மாப்புளதான் பொண்ணு வீட்டுக்கு வந்து இருக்கிறது. விடியப்புறம் சுபஹுக்குப் பாங்கு சொல்லிச்சு. தொழ முதல் முகம் கை கால் கழுவி ஒளு எடுக்கணும். தோல்ல தண்ணி படாட்டி ஒளு கூடாது, பூச்சோட தொழ ஏலா. இத ஏன் எங்கள்ல ஒருத்தரும் முதல்ல யோசிக்கல்ல எண்டு கிணத்தடிக்குப் போகேக்கதான் எனக்கு உறைச்சிச்சு. ஒரு நாளைக்கு அஞ்சு தரம் கழுவுற முகத்த வெச்சுக்கொண்டு எத்தின நாளைக்கு ஒளிக்கலாம்? சவுக்காரம் போட்டுத் தேச்சுக் கழுவிட்டன்.

தொழுதுபோட்டு வாசலுக்கு வந்தா, அவர் பள்ளியால வந்து, சட்டையக் கழட்டிப்போட்டு கிணத்தில தண்ணி அள்ளுறார். நல்லா வெளிச்சம் வந்திட்டு. பாத்தன். முகம், முழங்கைக்குக் கீழ எல்லாம் வயல் வெய்யில்ல கரிஞ்ச நிறம். சட்டைக் கழுத்துக்குக் கீழ நெஞ்சும் முதுகும் அப்படி வெள்ளை. என்ட எல்லையத் தோற்கடிக்கிற எல்லை! யா அல்லாஹ், எனக்கு வந்த ஆத்திரம்! இந்த மனிசன்ட சட்டையத் தூக்கிப் பாக்க எங்கட வீட்டில இருந்து ஒருத்தர் போனாங்களா? எந்த நிறம் உண்மை எண்டு ஒரு சண்டையாவது நடந்திச்சா?

அவர் வாளிய வெச்சுப்போட்டு என்ட முகத்தப் பாத்தார். "ராவு ஏதும் பூசியிருந்தீங்களா?"

"ஓம்."

"எதுக்கு? இது நல்லாத்தானே இருக்கு."

அந்தச் சொல்லு காதில விழுந்து, நான் அதுக்குச் சந்தோசப்பட முதல், வாசக் கடப்படியில கார்ச் சத்தம். காலைச் சாப்பாட்டோட மாமி வந்து இறங்குறா. அவருக்கு முகமே மாறிப்போச்சு. "உம்மா வந்திட்டா! சுறுக்கா ஓடிப்போய் அதப் பூசிக்கிட்டு வாங்க."

நல்லாத்தானே இருக்கு எண்ட மனிசன்! எனக்கு ரோசம் வந்திட்டு. அசையாம நிண்டன்.

மாமி கிட்ட வந்தா. முகத்தப் பாத்தா. கையில இருந்த சாப்பாட்டுச் சகனத் தாம்பாளத்த மகன்ட கையில குடுத்துப்போட்டு, ரெண்டு கையாலயும் என்ட முகத்தப் புடிச்சா.

"ஒரே ராவில இப்படிக் கறுத்துப் போச்சே என்ட புள்ள! நித்திர இல்லயா? அழுதியா?" அவர்ட பக்கம் திரும்பினா. "என்னடா சொன்ன நீ இவளுக்கு?"

"மாமி, இதுதான் என்ட நிறம்" எண்டன். "நேத்து இருந்ததும் பூச்சுதான். முகம் எப்பவும் இப்படித்தான்."

"விசர்க் கதை கதைக்காத மகள். இவனக் காப்பாத்தப் பாக்கிறா. நான் முக்காட்ட எடுத்து என்ட கண்ணால பாத்தவள். உன்ட நிறம் எனக்குத் தெரியாதா?"

எத்தின தரம் சொன்னன்! நம்பவே மாட்டா. வயலால வந்த மகன ஒவ்வொரு முறையும் ஏசுவா, எப்படி இருந்த புள்ளய இப்படி ஆக்கிப்போட்டாய் எண்டு. அவரும் எல்லாம் தெரிஞ்சும் தலையக் குனிஞ்சுகொண்டு நிப்பார். எனக்கு அவர்ல பாவமா, கோபமா எண்டு தெரியா. மாமி வரேக்கயெல்லாம் எனக்கு எண்டு செவ்விளநி, பால், பழம். ஒருநாள் எனக்குச் சீப்பால முடி இழுத்து விட்டுக்கொண்டிருந்தவ, கைய நிப்பாட்டி என்ட முகத்தப் பாத்து, "கவலப்படாத மகள், உன்ட பழைய நிறம் திரும்ப வரும். நான் ஒவ்வொரு தொழுகையிலயும் துஆக் கேக்கிறன்" எண்டா. அவட கண் கலங்கி இருந்திச்சு.

நான் ஆமீன் எண்டன்.