கரையோரம் ஒரு விரல் புல்

பூப்பாத்தியின் கான்கிரீட் கரையைப் பராமரிக்கிறவள் பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து அதன் மேல் ஒரு சொட்டு விட்டாள். சொட்டு குண்டுமணி போல உருண்டு நின்றது. இரண்டடி தள்ளி இன்னொன்று, அதுவும் நின்றது. மூன்றாவது மட்டும், ஈரம் புகாமல் காக்கும் சீலர் பூச்சு தேய்ந்துபோன இடத்தில், விழுந்ததுமே கறுத்து உள்ளே இறங்கியது.

“குடிக்குது பார்,” என்றாள்.

பதிவேட்டோடு வந்திருந்த அலுவலகப் பெண் குனிந்து பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்து அன்றைக்கு மூன்றாம் நாள். குடியிருப்பு வளாகத்தில் எங்கே எது உடைந்தது, எது உரிந்தது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைப்பது அவள் பொறுப்பு.

“குடிச்சா என்ன ஆகும்?”

“பாசி பிடிக்கும். பாசி பிடிச்சா நிறம் போகும். நிறம் போனா நீ எழுதுவே. நீ எழுதினா என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க.”

“இப்ப என்னன்னு எழுதட்டும்?”

“தாகம்னு எழுது.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. நிஜமாகவே பேனாவைத் திறந்தாள். சொட்டு விட்டவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏம்மா, உன் வாய்க்கு யாராவது சீலர் அடிச்சு விட்டாங்களா? ஒரு சொட்டு சிரிப்பு வெளிய வர மாட்டேங்குது!”

அப்போதுதான் அந்தப் பெண் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் பெயர் ‘நோட்டு’.

பெயர் வைத்தவளை வளாகத்தில் எல்லாரும் கரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புல்வெளியிலிருந்து பூப்பாத்திகளைப் பிரித்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடும் கான்கிரீட் கரைகள் அங்கே பதினொன்று இருக்கின்றன. ஒரு சாண் அகலம், மணல் நிறம், மேலே செங்கல் அடுக்கியது போன்ற அச்சு. கட்டியவர்கள் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவற்றைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தண்ணீர் நிறச் சீலரைப் பூசி, வெயிலிடமிருந்தும் மழையிடமிருந்தும் காப்பாற்றுகிறவள் அவள். “புல்லு வேட்டி, இது கரை. கரை நைஞ்சு போன வேட்டியை எவன் மதிப்பான்?” என்பாள்.

பழைய மெத்தையை வெட்டித் தைத்த இரண்டு திண்டுகளை முட்டியில் கட்டிக்கொண்டு, தவழ்கிற குழந்தை போலக் கரையோடு நகர்வாள். வலது கையில் ரோலர். இடது கையில், செடிகள் மேல் தெறிக்காமல் மறைக்க ஒரு அட்டை. நீட்டிக்கொண்டிருக்கும் ரோஜாக் கிளையிடம், “முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கோ தாயி, ரெண்டே நிமிஷம்” என்பாள். ஒரே பூச்சாகத் தடிமனாக அடித்து முடிக்கச் சொன்ன சூப்பர்வைசரிடம், “பவுடரை அப்பிக்கிட்டா அழகாயிடுமா சார்? மெல்லிசா ரெண்டு தரம்” என்றாள். அவர் அதன் பிறகு யோசனை சொல்வதில்லை.

கழுவிய கரை காய்ந்துவிட்டதா என்பதில் மட்டும் தன் கண்ணையே நம்பமாட்டாள். முந்தின நாள் சாயங்காலம் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் ஒட்டிவிட்டுப் போவாள். காலையில் தாளுக்கு அடியில் ஆவி பூத்திருந்தால் சீலர் டப்பா திறக்கப்படாது. “இன்னும் மூச்சு விடுது. மூச்சு விடுறதைப் போய் மூடலாமா?”

வளாகத்தில் புல் வெட்டுகிறவர் அவளுடைய கணவர். தோளில் மாட்டிய மெஷினின் முனையில் நைலான் நரம்பு சுழலும். அது கரையில் பட்டால் சீலர் உரிந்து, பிறை போல ஒரு வெள்ளைக் கீறல் விழும். ஆகவே புல் வெட்டுகிறவர்களும் கரை பூசுகிறவர்களும் ஜென்மப் பகையாளிகளாக இருப்பதே எங்கும் வழக்கம். இவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடமாகிறது.

வேலை நேரத்தில் இருவரும் பரம மரியாதை. “புல்லுக்காரரே, மெஷினைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறீங்களா?” “உத்தரவு மேடம்.” மத்தியானம் சாப்பாட்டு டப்பா திறந்ததும் ‘என்னங்க’வும் ‘ஏய்’யும் திரும்பி வந்துவிடும்.

அவர் கரையை இடது பக்கம் வைத்துக்கொண்டுதான் நடப்பார். கரையோரம் ஒரு விரல் அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விட்டுக்கொண்டே போவார். பிறகு மெஷினை இறக்கி வைத்துவிட்டு, மண்டியிட்டு, அந்த ஒரு விரல் புல்லைக் கத்தரிக்கோலால் வெட்டுவார். பதினொரு கரைக்கும் இப்படித்தான். யாரும் அவரிடம் சொன்னதில்லை. “வேலை இல்லாம புல்லுக்கு முடி வெட்டி விடுறார்,” என்பாள் அக்கா. சொல்லும்போது குரல் கொஞ்சம் இளகியிருக்கும்.

மழை விட்டுப் பனி இறங்கத் தொடங்கிய நாட்களில் ஐந்தாம் கரை வெளுத்துப்போனது. பால் கொட்டிக் காய்ந்தது போல நாலடி நீளத்துக்கு வெள்ளை. ஈரத்தின் மேல் சீலர் அடித்தால், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் இப்படித்தான் வெளுக்கும் என்று நோட்டுக்குச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான். மடையர்கள் செய்கிற வேலை என்றும் சொல்லியிருந்தாள்.

“இது யார் அடிச்சதுக்கா?”

“நான்தான்.”

“தாள் ஒட்டிப் பார்க்கலையா?”

“நேரமில்ல.”

நோட்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வெள்ளைக்கு அடியில் பிறை பிறையாகக் கீறல்கள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் மணல் நிறச் சாந்து கவனமாக அடைக்கப்பட்டிருந்தது. எண்ணினால் முப்பதுக்குக் குறையாது.

அக்கா முட்டித் திண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். “சூப்பர்வைசர் ஒன்பது மணிக்குச் சுத்தி வருவாரே, அதுக்குள்ள கீறலை மூடிடணும்னு பனி காயறதுக்கு முன்னாடியே அடிச்சிட்டேன்.” ஒரு பிறையை விரலால் தொட்டாள். “ரெண்டு மாசமா அவர் மெஷின் பட்டு விழுது. அசதின்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா எல்லாமே அவருக்கு இடது கைப் பக்கம். வீட்லயும் அந்தப் பக்கம் தம்ளர் வச்சா தட்டி விடுறார். ஏன்டி ஓரத்துல வைக்கிறேன்னு என்னைத் திட்டுறார்.”

“அவர்கிட்ட சொன்னீங்களா?”

“சொல்லாம? ‘உன் கரை கோணலா இருந்தா என் கண்ணு என்ன பண்ணும்’ங்கிறார். டாக்டர்னு வாயெடுத்தா எந்திரிச்சுப் போயிடறார். மெஷினைப் பிடுங்கிடுவாங்கன்னு பயம்.” அவள் கரையோரத்தில் தன் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்தாள். விரலுக்கு அடியில் புல் இல்லை, மொட்டை மண்தான். “இந்த ஒரு விரலு போச்சு நோட்டு. பதினாலு வருஷமா எனக்காக விட்டது. இன்னமும் விடுறதாத்தான் அவர் நினைச்சிட்டிருக்கார். கத்தரிக்கோலை எடுத்துட்டு வந்து மண்டி போட்டு, இல்லாத புல்லைத் தடவிப் பார்க்கிறார்.”

தூரத்தில் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. நடைபாதையில் ஒரு குழந்தை மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு போனது. இருவரும் அது கண்ணுக்கு மறைகிற வரை பார்த்தார்கள்.

“மூச்சு விடுறதை மூடக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, நானே மூடினேன் பார்த்தியா,” என்றாள் அக்கா. எழுந்து நேராகச் சூப்பர்வைசர் அறைப் பக்கம் நடந்தாள்.

மறுநாள், சீலரை இளக்கும் தின்னரில் தொட்ட ரோலரை உருட்டி ஐந்தாம் கரையின் வெள்ளையை எடுத்தாள். கீறல்களை அடைத்த சாந்தையும் சுரண்டி எடுத்துவிட்டாள். முப்பது பிறையும் வெயிலில் பளிச்சென்று கிடந்தன. புல்வெளியில் சத்தமே இல்லை. மெஷின் ரிப்பேர் என்று யாரோ சொன்னார்கள். புல்லுக்காரர் ரோஜாச் செடிகளுக்கு நடுவே கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, “ஒரு பிளக்கு மாத்த எத்தனை நாள்தான் எடுத்துக்குவாங்க?” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். அதற்கு முன் அவள் உள்ளே வந்ததில்லை. காலணியில் ஒட்டியிருந்த மண்ணை வாசலில் மூன்று தடவை தேய்த்துவிட்டு வந்தாள்.

“நோட்டு, ஒரு நோட்டீஸ் போடணும். சூப்பர்வைசர் சரின்னுட்டார், டெஸ்ட் முடியற வரைக்கும் மெஷின் ரிப்பேராவே இருக்கும். இங்க வேலை செய்யற எல்லாரும் கண்ணு டெஸ்ட் பண்ணிக்கணும்னு எழுது. முதல் பேரு என்னோடது. அடுத்தது வாட்ச்மேன், அப்புறம் பிளம்பர். அவர் பேரு நாலாவதா வரட்டும். அவருக்குன்னு போட்டதுன்னு தெரியவே கூடாது.”

நோட்டு இரண்டு மொழியிலும் அடித்து அச்செடுத்துக் கொடுத்தாள். அக்கா கையுறையைக் கழற்றிவிட்டுத் தாளை வாங்கினாள். படிக்கவில்லை. எழுத்துகளின் உயரத்தை விரலால் அளந்து பார்த்தாள். தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

“எழுத்து இன்னும் பெருசா இருக்கட்டும்மா,” என்றாள். “அப்புறம், கதவுக்கு வலது பக்கமா ஒட்டு.”